பட்ட மரத்தில் ஒரு குடித்தனம்

தொடர்கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஒரு பாத்திரத்தைக் கொன்று விட்டால் வாசகர்கள் கோபித்துக் கொண்டு கடிதம் எழுதுவார்கள். நாலு வாரம் பொறுத்து, 'ஆற்றோடு போனவன் அக்கரையில் கரையேறிவிட்டான்' என்று எழுதிச் சமாளித்து விடலாம். நானே ஒரு தடவை அப்படிச் செய்து தப்பித்திருக்கிறேன். சரித்திரம் எழுதுகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர் ஏட்டில் செத்தது செத்ததுதான்.

அபூர்வமாக அந்த ஏட்டிலும் ஓர் அடித்தல் திருத்தல் நேர்ந்து விடுகிறது. ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாகாணத்துக் காடு ஒன்றில், 1961-ஆம் வருஷம் அப்படி நேர்ந்தது. செத்துப் பிழைத்தது மனிதனல்ல. அணில் அளவே உள்ள ஒரு மரவாசி.

அதன் பெயர் லெட்பீட்டர் பாஸம். கங்காருவைப் போலவே குட்டியை வயிற்றுப் பையில் வைத்துக் காப்பாற்றும் இனம். ஆகவே 'பாசம்' என்று நம் காதில் விழுந்தாலும் குற்றமில்லை. பழுப்பும் சாம்பலும் கலந்த ரோமம், முதுகு நெடுகிலும் ஒரு கறுப்புக் கோடு, நுனியில் பருத்துக் கதாயுதம் போல் இருக்கும் வால். பகலெல்லாம் மரப்பொந்தில் தூக்கம், இருட்டினால் வேட்டை. 1867-இல் மெல்போர்ன் பொருட்காட்சிசாலையின் தலைவர் பிரடெரிக் மக்காய் இதை முதன்முதலாக உலகத்துக்கு விவரித்தார். அங்கே இறந்த பிராணிகளைப் பாடம் செய்து வைக்கும் வேலையில் இருந்த ஜான் லெட்பீட்டரின் பெயரையே இதற்குச் சூட்டினார். பெரிய மனிதர்கள் தங்கள் பெயரைச் சூட்டிக்கொள்ளப் போட்டி போடும் துறையில் இது கொஞ்சம் அதிசயம்தான்.

அதற்குப் பிறகு அகப்பட்டவற்றை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். 1909-க்கு அப்புறம் ஒன்றுகூட இல்லை. அது வாழ்ந்ததாகத் தெரிந்த சதுப்பு நிலங்களில் நீரை வடித்து விட்டு ஜனங்கள் பயிர் வைத்து விட்டார்கள். 1939 ஜனவரி 13-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, விக்டோரியாவின் காடுகள் பற்றி எரிந்தன. 71 பேர் மாண்டார்கள். அந்தக் கோடையில் எரிந்த நிலம் ஏறக்குறைய 20 லட்சம் ஹெக்டேர். மனிதனுக்கே கதி இல்லாத தீயில், யாரும் பார்த்தறியாத ஒரு பிராணிக்காக யார் அழப் போகிறார்கள்? பாஸத்தின் கதை முடிந்ததென்று முடிவு கட்டி விட்டார்கள்.

1961 ஏப்ரல் 3-ஆம் தேதி, ஈஸ்டர் திங்கட்கிழமை இரவு. மேரிஸ்வில் என்ற மலையூருக்கு அப்பால், கேம்பர்வில் அருகே, எரிக் வில்கின்சன் என்ற இளைஞர் கையில் விளக்குடன் மரங்களைப் பார்த்துக் கொண்டு போனார். வெளிச்சத்தில் ஒரு சிறு பிராணி அகப்பட்டது. மரத்துக்கு மரம் காற்றில் மிதந்து செல்லும் பாஸம் ஒன்று அந்தப் பக்கத்தில் சகஜம், அதன் ஜாடைதான். ஆனால் மிதப்பதற்கு வேண்டிய பக்கத்துத் தோல் இதற்கு இல்லை. வாலோ நுனியில் பருத்திருந்தது. 52 வருஷம் செத்திருந்த ஜீவன் கிளையில் உட்கார்ந்து கீழே பார்த்துக் கொண்டிருந்தது!

இதிலே ஒரு விசித்திரம் உண்டு. அதை அழித்து விட்டதாக யார் மேல் பழி போட்டார்களோ, அந்தத் தீதான் அதற்கு வீடு கட்டிக் கொடுத்திருந்தது. அந்த மலைகளில் வளர்வது மவுண்டன் ஆஷ் என்னும் யூகலிப்டஸ் ஜாதி மரம். பூக்கும் தாவரங்களிலேயே உயரமானது இதுதான். நூறு மீட்டரை எட்டியவையும் உண்டு. கடுந்தீ பட்டால் பட்டுப் போகும், ஆனால் விழாது. உள்ளே பொந்து பொந்தாக, பல பத்தாண்டுகள் நின்று கொண்டே இருக்கும். அதன் விதைகள் சாம்பலில் விழுந்து புதுக்காடு முளைக்கும். கூடவே நம் கருவேலத்துக்குச் சொந்தமான வாட்டில் மரங்களும் அடர்ந்து கிளம்பும். பாஸத்துக்கு வேண்டியது இரண்டே: குடியிருக்கப் பட்ட மரத்துப் பொந்து, சாப்பிட வாட்டில் பிசினும் பூச்சிகளும். 1961-இல் இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன.

சரி, பிழைத்திருக்கிறது, எத்தனை பிழைத்திருக்கின்றன? இதைக் கண்டுபிடிப்பது லேசான காரியமல்ல. விளக்கை அடித்துக் கொண்டு போனால் அடர்ந்த இலைக்குள் மின்னலாய் மறைந்து விடும். ஆகவே பிராணியைத் துரத்துவதை விட்டு, அதன் வீட்டு வாசலில் காத்திருக்கும் முறை ஒன்றைக் கையாண்டார்கள். பட்ட மரத்தின் மொட்டைக் கிளைகள் கலைமானின் கொம்பு போலத் தோன்றுவதால், அந்நாட்டார் அதற்குக் 'கலைமான்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பொழுது சாயும் முன், பொந்துள்ள ஒவ்வொரு மரத்தடியிலும் ஒருவர் போய் உட்கார வேண்டும். விளக்குக் கூடாது. பேச்சுக் கூடாது. அட்டை கடித்தாலும் ஆர்ப்பாட்டம் கூடாது. அந்தி வானத்தைத் திரையாக வைத்து, பொந்து வாயையே பார்த்துக் கொண்டு சுமார் ஒரு மணி நேரம் இருக்க வேண்டும். வெளிவருவது இன்னதென்று நடையை வைத்தே சொல்லி விடுவார்களாம். பெரிய மிதவைப் பாஸம் நிதானமாக ஏறி நின்று ஒரே பாய்ச்சலில் மிதந்து போகும். லெட்பீட்டர் குடும்பமோ, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் போல ஒன்றன் பின் ஒன்றாகத் துள்ளி ஓடிவிடும்.

1983 முதல் டேவிட் லிண்டன்மேயர் என்ற விஞ்ஞானி இந்த மலைகளை ஆராய்ந்து வருகிறார். எத்தனையோ தொண்டர்கள் அவருக்காக மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று: பொந்திலிருந்து யாரும் வராவிட்டால் அதையும் எழுதி வைப்பார்கள். 'இன்ன மரம், இன்ன நேரம், ஒன்றும் வரவில்லை.' வீணாய்ப் போன மாலை என்று நாம் நினைப்போம். அந்தச் சூன்யங்களை வருஷக்கணக்கில் அடுக்கிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. பழைய பட்ட மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து கொண்டிருந்தன. புது மரத்தில் பொந்து விழ 120 வருஷத்துக்கு மேல் ஆகும். 1939 தீக்குப் பின் பிறந்த மரங்களையோ பலகைக்கும் காகிதத்துக்கும் வெட்டிக் கொண்டிருந்தார்கள். பாஸத்துக்குச் சாப்பாடு இருக்கிறது. வீடுதான் தீர்ந்து கொண்டு வருகிறது.

2009 பிப்ரவரி 7-ஆம் தேதி மறுபடியும் தீ. இந்தத் தடவை 173 உயிர்கள். மேரிஸ்வில் ஊரே அநேகமாகச் சாம்பலாயிற்று. பிற்பாடு மரத்தடியில் போய் உட்கார்ந்தவர்கள் தீப்பட்ட இடங்களில் மறுபடி மறுபடி சூன்யத்தையே எழுதினார்கள்.

2014-இல் ஒரு விதி வந்தது. பாஸம் குடியிருப்பதாகத் தெரிந்த இடத்தைச் சுற்றி 200 மீட்டர் வட்டத்துக்குள் மரம் வெட்டக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சுமார் 31 ஏக்கர். ராத்திரியில் ஒரு சின்ன ஜீவன் தலை நீட்டியதற்கு அத்தாட்சி இருந்தால் 31 ஏக்கரில் ரம்பம் நின்று விடும்! அதனால் சாதாரண ஜனங்களும் காமிராவும் கையுமாகக் காட்டுக்குள் போனார்கள். மரத் தொழிலை நம்பிப் பிழைத்த ஊர்களில் மனஸ்தாபம் மூண்டது. "தேடத் தேட அகப்படுகிறதே, இதையா அபூர்வம் என்கிறீர்கள்?" என்பது அவர்கள் கட்சி. அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அவர்களுக்கும் வீடும் வாசலும் உண்டு. ஆனால் எங்கே இருக்கிறதென்று தெரிவது வேறு, எத்தனை நாள் இருக்கும் என்பது வேறு. 2015-இல் அந்நாட்டு அரசாங்கம் அதை மிகமிக ஆபத்தில் உள்ள இனங்களின் ஜாபிதாவில் சேர்த்தது. 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து விக்டோரியா அரசு இயற்கைக் காடுகளில் மர வியாபாரத்தையே நிறுத்தி விட்டது.

ரம்பம் நின்றதனால் பொந்து முளைத்து விடாது. இப்போது மரத்தில் பெட்டி கட்டித் தொங்க விடுகிறார்கள். அதே ரம்பத்தால் உயிருள்ள மரத்தைக் குடைந்து செயற்கைப் பொந்தும் செய்கிறார்கள். 2024-இல், மாகாணத்தின் எல்லைக்கும் அப்பால், கோஸியஸ்கோ தேசியப் பூங்காவில் தானாக இயங்கும் காமிரா ஒன்றில் இந்தப் பிராணி விழுந்திருந்தது. அங்கே அது இருக்குமென்று யாரும் எண்ணியதில்லை.

1939-இல் முளைத்த மரத்துக்கு 120 வயது நிறைவது 2059-இல். அன்று மாலை அதன் அடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கப் போகிறவர் இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கலாம், பிறக்காமலும் இருக்கலாம். அவர் நோட்டுப் புத்தகத்தில் என்ன எழுதப் போகிறாரோ, எனக்குத் தெரியாது. சூன்யமாக இருக்கக் கூடாது என்று மட்டும், பாத்திரங்களைக் கொன்று பழகிய இந்தக் கதைக்காரன் மனசாரப் பிரார்த்திக்கிறான்.