வன்னி மிளகாயும் உலகச் சந்தையும்: நிதிச் சொற்கள் சிலவற்றின் சமூக வரலாறு

அந்நியச் செலாவணி, மதிப்பிறக்கம், சென்மதி நிலுவை, பிணைமுறி முதலிய சொற்கள் பொருளியல் மாணவருக்கே உரியன என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. ஆயின் இச்சொற்கள் குறிக்கும் நிகழ்வுகள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பகுதிக் கமக்காரரின் வாழ்வை ஒருமுறைக்கு மேல் திசைமாற்றியுள்ளன. அவ்வரலாற்றின் வழியே இச்சொற்களை விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு நாடு பிற நாடுகளிலிருந்து பெறுவனவற்றுக்கும் அவற்றுக்குச் செலுத்துவனவற்றுக்கும் உரிய கணக்கே சென்மதி நிலுவை எனப்படும். இலங்கை தேயிலை, இறப்பர், தெங்குப் பொருள்களை விற்று ஈட்டிய அந்நியச் செலாவணியைக் கொண்டே அரிசி, மா, மிளகாய் ஆகியவற்றை வாங்கியது. 1960களில் ஏற்றுமதி வருவாய் இறக்குமதிச் செலவுக்குப் போதாதாயிற்று. இத்தகைய பற்றாக்குறைக்குக் கடன் வழங்குவதற்கென 1944ஆம் ஆண்டு பிரெட்டன் வூட்ஸ் மாநாட்டில் திட்டமிடப்பட்டதே சர்வதேச நாணய நிதியம். 1950இல் மத்திய வங்கியை நிறுவிய இலங்கை, அதே ஆண்டில் நிதியத்தின் உறுப்பு நாடாயிற்று. நிதியத்தின் கடன் நிபந்தனைகளுடன் வருவது என்பது இங்கு கருதற்பாலது.

1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசு, செலாவணி நெருக்கடி காரணமாக இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1971இல் அமெரிக்கா டொலருக்குப் பொன் வழங்குவதை நிறுத்தியது. 1973இல் எண்ணெய் விலை பன்மடங்காயிற்று. நெருக்கடி மேலும் முற்றியது. நகரங்களில் பாணுக்கு மக்கள் வரிசையில் நின்ற அதே ஆண்டுகளில் விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய குடியேற்றத் திட்டங்களில் மிளகாய்ச் செய்கை செழித்தது. வெளிநாட்டு மிளகாய் வராமையால் உள்ளூர் மிளகாய் நல்ல விலை பெற்றது. எனினும் இவ்வளத்தை எல்லாருக்கும் பொதுவானதாகக் கொள்ளலாகாது. காணியும் நீரிறைக்கும் இயந்திரமும் உடையோர் ஈட்டியது ஒன்று. மலையகத்திலிருந்து வந்து அவர்தம் தோட்டங்களில் கூலிக்கு உழைத்தோர் பெற்றது வேறொன்று.

1977 யூலையில் ஆட்சி மாறியது. நவம்பரில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பெரிதும் நீக்கப்பட்டன. ரூபாவின் மதிப்பு டொலருக்கு ஏறத்தாழ 16 ஆக இறக்கப்பட்டது. மதிப்பிறக்கம் இறக்குமதிப் பொருளின் விலையை உயர்த்தும். ஆதலின் உள்ளூர் உற்பத்தியாளருக்குக் காப்பாகும் என்பர் பொருளியலாளர். வன்னியில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. கட்டுப்பாடு நீங்கியதால் பிறநாட்டு மிளகாய் மீண்டும் சந்தைக்கு வந்தது. மதிப்பிறக்கத்தால் இயந்திரத்துக்குரிய எரிபொருளின் விலை ஏறியது. விற்பவர் என்ற நிலையிலும் வாங்குபவர் என்ற நிலையிலும் கமக்காரரே இழப்பைச் சுமந்தனர். கொள்கையொன்றைத் தனித்து நோக்காது, அதனுடன் வரும் ஏனையவற்றையும் சேர்த்து நோக்க வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாம் கட்டம் பிணைமுறியோடு தொடர்புடையது. பங்கு என்பது ஒரு கம்பனியின் உடைமையில் ஒரு கூறு. பிணைமுறியோ, குறித்த தவணையில் முதலைத் திருப்பித் தருவதாகவும் அதுவரை வட்டி செலுத்துவதாகவும் உறுதிகூறும் கடன் பத்திரம். இலங்கை அரசு தனது முதலாவது சர்வதேச இறைமை முறியை 2007இல் விற்றது. தொகை 50 கோடி டொலர், வட்டி நூற்றுக்கு 8.25. 2009இல் போர் முடிந்தபின் இத்தகைய கடன்கள் பெருகின. அக்காலத்திலேயே, வீடும் தொழிலும் இழந்து மீண்ட வன்னிக் குடும்பங்களை நாடி நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணைநின்று கடன் பெற்றனர். வட்டி மிகுந்தமையால் 2018இல் ஆண்டுக்கு நூற்றுக்கு 35 என உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது.

2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை அரசு இடைநிறுத்தியது. ரூபா சரிந்தது, மத்திய வங்கி ஒரே நாளில் தன் கொள்கை வட்டி வீதங்களை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. 2023 மார்ச்சில் நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுக்கு இசைந்தது. 2024இல் முறி உடையோருடன் உடன்பாடு காணப்பட்டுப் பழைய முறிகளுக்குப் புதியன மாற்றப்பட்டன. இதனையே கடன் மறுசீரமைப்பு என்பர்.

இங்கு எழும் வினா எளியது. அரசால் கடனைச் செலுத்த இயலாதபோது கடன் கொடுத்தோர் மேசைக்கு வந்து தவணையை நீட்டினர், வட்டியைக் குறைத்தனர். வன்னிப் பெண்ணால் செலுத்த இயலாதபோது தவணை வசூலிப்பவர் வாசலுக்கு வந்தார். அயலவரான பிணையாளிகளும் நெருக்கினர். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டப் பெண்களின் சிறு கடன்களை 2018இல் அரசு தள்ளுபடி செய்தது ஒருமுறை நிகழ்ந்த சலுகையே, நிலையான உரிமையன்று. இரு கடன்களும் அளவாலும் நாணயத்தாலும் வேறுபடலாம். ஆயினும், இயலாமையைக் கணக்கிலெடுத்து மறுபரிசீலனை செய்யும் முறை பெரிய கடனாளிக்கு உண்டெனில், சிறிய கடனாளிக்கும் அது சட்டத்தால் உறுதிசெய்யப்படல் வேண்டும். நிதிச் சொற்களை நம் மக்கள் அறிந்துகொள்ள வேண்டிய தேவை இக்கோரிக்கையிலிருந்தே தொடங்குகின்றது.