வேட்டை நிலமாயிருந்த நம் கழிக்கரை



"நம்ம திண்டிவனம் பக்கம் என்னப்பா சரித்திரம் இருக்கு?" என்று கேட்பவர் உண்டு. ஊர்ப் பெயரிலேயே வனம் இருக்கிறது. 'திந்திரிணி வனம்', அதாவது புளியங்காடு, என்பதே திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். காடு இருந்தால் வேட்டையும் இருந்திருக்க வேண்டுமல்லவா?

அதற்குச் சான்று நாம் மார்க்குக்காகப் படித்த சிறுபாணாற்றுப்படையிலேயே இருக்கிறது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் 269 அடி நூல் அது. அவன் தலைநகர் கிடங்கில், இன்று திண்டிவனம் ஊருக்குள்ளேயே அடங்கிவிட்டது. அவனை நாடிப் போகும் பாணர்களுக்கு எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீனும், வேலூரில் புளிச்சோறும் சுட்ட ஆமான் இறைச்சியும், ஆமூரில் நண்டுக் கறியோடு வெண்சோறும் கிடைக்கும் என்கிறார் புலவர். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம். வேலூர் நம் உப்புவேலூர் என்பது அறிஞர் சிலர் கருத்து. ஆமான் என்பது பெயரில் மான் இருந்தாலும் காட்டு மாட்டினம். இன்று அதைப் பார்க்கணும்னா மலைக்காடுகளுக்குத்தான் போகணும்!

பாடிய நத்தத்தனாரின் ஊர் இடைக்கழிநாட்டு நல்லூர். கழிகளுக்கு இடைப்பட்ட நாடு என்று பெயரே சொல்லிவிடுகிறது. தோணிதான் அங்கே வண்டி. பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் மரக்காணம் வரை வந்தபோது, உப்பும் விறகும் தோணியிலேதான் சென்னைக்குப் போயின.

காடு கழனியானது, பெரிய விலங்குகள் மறைந்தன. ஆனால் கழியை உழ முடியுமா? அதனால் கழுவேலியில் பறவைகள் தங்கின. வேட்டையும் அவற்றைத் தேடிப் போனது. கண்ணியும் துப்பாக்கியும் அண்மைக் காலம் வரை அங்கே ஓயவில்லை.

தடுக்க ஆளில்லாமலா போயிற்று? நமக்கு வடக்கே வேடந்தாங்கலைப் பாருங்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு 1798 வாக்கில் காப்புரிமை வாங்கினார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். படிப்பறிவு அல்ல, பட்டறிவு!

நாட்டுக்கே பொதுவான வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. அதிலும் உரிமம் பெற்று மான் முதலியவற்றை வேட்டையாட வழியிருந்தது. 1991 திருத்தம்தான் அதை அடைத்தது. கழுவேலி பறவைகள் சரணாலயமானது 2021-ல், பரப்பு 5,151.6 ஹெக்டேர். 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஆக, 1972-ன் சட்டத்துக்கும் இடத்தைக் காத்த ஆணைக்கும் நடுவே ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள்! அந்த இடைவெளியில் கழுவேலியைச் சுற்றி ஆக்கிரமிப்பும் இறால் பண்ணைகளும் பெருகின.

இங்கேதான் வரலாறு நமக்குப் பாடம் சொல்கிறது. ஆமான் நம் மண்ணைவிட்டுப் போனதற்கு அம்பு மட்டுமா காரணம்? அது நிற்க இடமில்லாமல் போயிற்று. நாளை பறவைக்கும் அதே கதி வரலாம். சுடுபவனைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. கழிக்கு வரும் மழைநீரையும் கரையையும் காப்பது, சுற்றி வாழும் நம் கையில்தான் இருக்கிறது.

மாணவத் தம்பி தங்கைகளே, திண்டிவனத்திலிருந்து மரக்காணம் ஒரு மணி நேரப் பஸ் பயணம்தான். பனிக்காலத்தில் ஒரு ஞாயிறு போய்ப் பாருங்கள். சிறுபாணாற்றுப்படையையும் கையோடு எடுத்துப் போங்கள்.