கடைசிக் காவலின் ஊதல்

ஆடி அமாவாசையன்று விடிவதற்கு முன்பே மணமேல்குடிக் கடற்கரையில் கூட்டம் சேர்ந்துவிடும். புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு விளிம்பு அது. எதிரே அலையடங்கிய பாக் நீரிணை. எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு மக்கள் முழுக்குப் போடுவார்கள். இறந்த நாள் தெரிந்தவர்களுக்குத் தனியே திதி உண்டு. எந்த நாளில், எந்த மண்ணில் போனார் என்று தெரியாதவர்களுக்கு இந்த அமாவாசையே திதி. குலச்சிறை நாயனாரின் ஊர் என்று பெரியபுராண வாசகர்கள் அறிந்த மணமேல்குடியை நாம் இங்கே நினைப்பது இதனால்தான்.

சாவுக்கு ஊதுவது நமக்குப் புதிதன்று. சங்கும் சேகண்டியும் இல்லாமல் பிணம் தெருவைக் கடப்பதில்லை. ஒரு காரியம் கெட்டுவிட்டால் ‘சங்கு ஊதியாயிற்று’ என்கிறோம். மூச்சு நின்றவனுக்காக மூச்சுள்ளவன் ஒருவன் தன் மூச்சைச் செலவிடுகிறான். சடங்கின் உட்பொருள் அவ்வளவே. பட்டாளத்தில் சங்கின் இடத்தில் இருப்பது பியூகிள். ஊருக்குத் திரும்பிய பட்டாளத்துக்காரர்களின் வாயில் அது ‘பிகில்’. சென்னைத் தெருவில் விசிலுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதும், 2019இல் ஒரு திரைப்படத்தின் தலைப்பானதும் வேறு கதை.

பியூகிளில் துளை இல்லை, வால்வு இல்லை. வளைந்த பித்தளைக் குழாய், வாய் வைக்கும் கிண்ணம், அவ்வளவுதான். இராணுவ அழைப்புகள் பெரும்பாலும் ஐந்தே சுரங்களில் அடங்கிவிடும். அந்த ஐந்தையும் உதட்டின் இறுக்கத்தால் மட்டுமே பிரித்தெடுக்க வேண்டும். நாதஸ்வரக்காரர் சீவாளியை மாற்றிக்கொள்ளலாம். இவருக்குச் சீவாளி அவருடைய உதடுதான். சில வாரங்கள் சாதகம் விட்டுப்போனால் உதட்டுத் தசை தளர்ந்துவிடும். முன்பல் விழுந்தால் அநேகமாகத் தொழிலே போயிற்று. ஓய்வு பெற்றபின் நினைவு நாட்களில் ஊத வரும் முதியவர்கள் எதனோடு மல்லுக்கு நிற்கிறார்கள் என்பது இதிலிருந்து புரியும்.

இறந்தவர்களுக்காக ஊதப்படும் ‘லாஸ்ட் போஸ்ட்’ தொடக்கத்தில் இரங்கல் இசையே அல்ல. பிரிட்டிஷ் பாசறைகளில் இரவுக் காவலைச் சரிபார்க்க அதிகாரி சுற்றிவருவார். முதற்காவலில் ஓர் ஊதல்; கடைசிக் காவலையும் பார்த்தாகிவிட்டது, இனி உறங்கலாம் என்பதற்கு இன்னோர் ஊதல். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இது வழக்கத்தில் இருந்தது. 1850களில்தான் கல்லறையருகே ஊதும் பழக்கம் வந்தது. அன்றாட அலுவலின் ஒலி எவரும் திட்டமிடாமலே மரணத்தின் ஒலியாயிற்று. லாஸ்ட் போஸ்ட் முடிந்ததும் மௌனம். அதன்பின் விடியலுக்கு எழுப்பும் ‘ரெவலி’யோ ‘ரௌஸோ’ ஊதுவார்கள். இந்த மூன்றில் மௌனமே கடினமான பகுதி என்று நமக்குத் தோன்றும். ஊதுபவரின் உதடு அந்த நேரத்தில் ஆறிவிடுகிறது. ஆறிய உதட்டோடு மீண்டும் தொடங்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அமைதிக்காலத்தில் வாத்தியம் வாசிக்கும் பட்டாளத்துக் கலைஞர்கள், போர் வந்தால் தூக்குக்கட்டில் சுமப்பவர்களாக மாறுவது பழைய மரபு. காயம்பட்டவனைச் சுமந்த தோள்தான் அவன் குழியருகே கொம்பையும் உயர்த்தியது. 1758இல் தொடங்கும் வரலாறு கொண்ட மதராஸ் ரெஜிமெண்டின் வீரர்களைத் ‘தம்பி’ என்றே அழைப்பார்கள். அதன் தலைமையிடமான வெலிங்டனிலோ, சென்னைக் கடற்கரையின் போர் நினைவுச்சின்னத்திலோ, நந்தம்பாக்கம் போர்க் கல்லறையிலோ அந்த ஊதலைக் கேட்டவர்களுக்கு, அதை வெறும் சம்பிரதாயமென ஒதுக்கிவிட முடியாது.

பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் மெனின் வாயில் என்றொரு வளைவு உண்டு. முதல் உலகப்போரில் இறந்து உடல் கிடைக்காத ஐம்பத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியப் பெயர்களும் அவற்றுள் இருக்கின்றன. 1928 முதல் அங்கே மாலை எட்டு மணிக்கு லாஸ்ட் போஸ்ட் ஊதுகிறார்கள். ஊதுபவர்கள் இராணுவத்தார் அல்லர், உள்ளூர்த் தீயணைப்புப் படையினர். 1940 மே முதல் 1944 செப்டம்பர் வரை ஜெர்மானியர் பிடியில் நகரம் இருந்த காலத்தில் மட்டும் அங்கே ஊதல் நின்றது. நகரம் மீண்ட அன்று மாலையே திரும்பவும் தொடங்கிற்று. ஊரின் மறுபக்கம் சண்டை அப்போது ஓயவில்லை.

அமெரிக்காவில் கதை வேறு. 2000ஆம் ஆண்டு முதல், குடும்பத்தார் கேட்டால் முன்னாள் படைவீரர் ஒவ்வொருவரின் அடக்கத்திலும் இராணுவ மரியாதை செய்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. அவர்களுடைய இரங்கல் ஊதல் ‘டாப்ஸ்’, இருபத்து நான்கு சுரங்கள். 1862இல் உள்நாட்டுப் போரின்போது உருவானது. முதிய வீரர்கள் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேல் இறந்துகொண்டிருந்தார்கள். ஊதத் தெரிந்தவர்களோ சில நூறு பேர். 2003இல் ஒரு தந்திரம் கண்டார்கள். பியூகிளின் வாய்க்குள் ஒரு கருவியைச் செருகிவிட வேண்டியது. பொத்தானை அழுத்திவிட்டு உதட்டில் வைத்துக்கொண்டால் ஆர்லிங்டனில் பதிவான பிசிறற்ற டாப்ஸ் தானே ஒலிக்கும். கொம்பை உயர்த்த அவகாசமாக ஐந்து வினாடித் தாமதம்கூட அதில் உண்டு. முன்னாள் மரைன் படைவீரரான டாம் டே என்பவர் 2000த்திலேயே ‘பியூகிள்ஸ் அக்ராஸ் அமெரிக்கா’ என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார். ஓய்வு பெற்ற ஊதுவோரும் ஆர்வலர்களும் தம் செலவில் போய் ஊதிவிட்டு வருகிறார்கள். ஒலிப்பதிவை ஏளனம் செய்ய நமக்கும் தகுதி குறைவு. கைபேசியை ஒலிவாங்கியருகே பிடித்து முடித்துவைத்த நினைவுக் கூட்டங்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

ஆனால் பிசிறும் ஒரு சாட்சிதான். 1963 நவம்பர் 25 அன்று கென்னடியின் அடக்கத்தில் டாப்ஸ் ஊதிய சார்ஜெண்ட் கீத் கிளார்க் நெடுநேரம் குளிரில் நின்றிருந்தார். ஆறாவது சுரம் உடைந்தது. ஊதியவருக்கு அது பிழை. கேட்டவர்கள் அதை விம்மலாக எடுத்துக்கொண்டார்கள்.

இனி, நம்மைத் தொந்தரவு செய்யும் இடத்துக்கு வருவோம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்டவர்களுள் மான்செஸ்டர் ரெஜிமெண்டின் பியூகிள்காரர் ஆர்தர் லேன் ஒருவர். சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் அவரும் உழைத்தார். முகாமில் செத்துக்கொண்டிருந்த தோழர்களுக்கு லாஸ்ட் போஸ்ட் ஊதுவது அவருடைய வேலை. உயிரோடு ஊர் திரும்பி நினைவுக்குறிப்பும் எழுதினார். அப்பாதையில் இறந்த போர்க்கைதிகள் ஏறத்தாழ பதின்மூவாயிரம் பேர். காஞ்சனபுரியில் மட்டும் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்களின் கல்லறைகள் வரிசை குலையாமல் நிற்கின்றன. ஏப்ரல் 25 அன்று, விடியற்காலையில் ஹெல்ஃபயர் கணவாயிலும் பின்னர் கல்லறைத் தோட்டத்திலும் இன்றும் லாஸ்ட் போஸ்ட் ஊதப்படுகிறது.

அதே பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் எண்பதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை என்பது மதிப்பீடு. மலேயாத் தோட்டங்களிலிருந்து வேலையென்றும் கூலியென்றும் சொல்லி ஏற்றிப்போகப்பட்ட தமிழர்கள் அவர்களுள் ஏராளம். தஞ்சை, திருச்சி, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கப்பலேறிய குடும்பங்கள் அவை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கைதிகளின் முகாம்களில் மருத்துவர்களாவது இருந்தார்கள். தொழிலாளர் முகாம்களில் பெரும்பாலும் அதுவும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. 1990இல் காஞ்சனபுரி அருகே ஒரு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்தன.

லேன் போன்றவர்களின் ஊதல் காட்டைத் தாண்டி அந்தத் தொழிலாளர் குடிசைகளுக்கும் கேட்டிருக்கக்கூடும். யாரோ வெள்ளைக்காரன் செத்திருக்கிறான் என்று அவர்களுக்குப் புரிந்திருக்கும். வீழ்ந்தவனுக்குக் கல் தேர்வதிலிருந்து வாழ்த்துவதுவரை ஆறு படிநிலைகளைத் தொல்காப்பியத்தில் வகுத்துவைத்த மொழியைப் பேசியவர்கள் அவர்கள். கல்லும் கிடைக்கவில்லை, சங்கும் கிடைக்கவில்லை. படைவீரர் அல்லர் என்பதால் பியூகிளுக்கும் அவர்கள் கணக்கில் வரவில்லை.

மலேயாவுக்குப் போனவரிடமிருந்து கடிதம் நின்றுபோன வீடுகள் இக்கரையோரத்தில் இருந்தன. எத்தனை வருடம் காத்திருப்பது என்று ஒரு கட்டத்தில் யாரோ முடிவு செய்திருக்க வேண்டும். மனைவி தாலியைக் கழற்றியிருக்க வேண்டும். நாள் தெரியாததால் அந்த வீடுகளில் ஆடி அமாவாசைக்குக் கடலுக்குப் போனார்கள்.