கைமாற்றும் கைவேலையும்

மட்டக்களப்புக்கு மாற்றலாகி வரும் உத்தியோகத்தருக்கு அயலூரார் சொல்லி அனுப்பும் எச்சரிக்கை எமக்கெல்லாம் தெரிந்ததுதான். "கவனம், பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள்." மந்திரம், மை, வசியம் என்று அதற்கு எத்தனையோ விளக்கம். வந்து ஒட்டிக்கொண்ட மருமகன்மார் பலரை எம் குடும்பங்களிலேயே கண்டிருக்கிறோம். அவர்களில் யாரும் முறைப்பாடு செய்ததாக நினைவில்லை. ஆனால் இவ்வளவு புகழ்பெற்ற அந்தப் பாயை யார் இழைத்தார், அது எப்படி அந்த வீட்டுக்கு வந்தது என்று எவரும் கேட்பதில்லை.

பாடசாலையில் தையலும் கைவேலையும் பற்றி எழுதித் தரும்படி மலர்க் குழு எம்மைக் கேட்டது. பழைய மாணவியர் சிலர் கூடிப் பேசியபோது, செய்த பொருட்களை விட அவை போய்ச் சேர்ந்த இடங்களே எங்கள் நினைவில் நின்றன. லேஞ்சி யாருக்குப் போனது, பாய் யார் வீட்டிலிருந்து வந்தது, ரேந்தை பின்னக் காட்டித் தந்தவர் யார் என்பதே பேச்சாயிற்று. எனவே இது கைமாறிய கைவேலைகளின் வரலாறு.

எங்கள் வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். சூரியன் எழும் கடற்பக்கம் எழுவான்கரை, அது படும் வயற்பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் மீன், தேங்காய், துணி, பாய் கிடைக்கும். படுவான்கரையில் நெல், எருமைத் தயிர், தேன், விறகு. ஒன்றில்லாமல் மற்றதற்கு அடுப்பெரியாது. 1924இல் கல்லடிப் பாலம் திறக்கப்பட்டு, 1928இல் புகையிரதம் வந்த பிறகும், வாவிக்குக் குறுக்கே தோணிதான் பல ஊர்களுக்கு வழி. மண்முனைத் துறைக்குப் பாலம் கிடைத்தது 2014இல்தான். பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்த கையோடு தோணியேறிப் போன பொருட்களில் பன்பாயும் ஒன்று. நெல் காயப்போடவும், வீட்டில் படுக்கவும், விருந்தாளியை இருத்தவும் பாய் வேண்டும். பாய்க்கு நெல், நெல்லுக்குப் பாய். காசு இடையில் வராத வியாபாரம் என்று இதைச் சொல்வார்கள். வியாபாரம் என்ற சொல்லே முழுக்கப் பொருந்துமா என்பது எங்கள் சந்தேகம். பாய் கொண்டு வந்தவருக்குச் சோறு போட்டு, பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுத்து, அடுத்த போகத்துக்குச் சிவப்புக் கரை போட்ட பாய் இரண்டு வேண்டும், மகளுக்குக் கலியாணம் என்று சொல்லியனுப்புவதை வெறும் விற்பனை என்று எப்படி எழுதுவது?

பன் கோரையினத்தைச் சேர்ந்தது. சதுப்பிலும் நீரோரத்திலும் வளரும். வெட்டி, வெயிலில் காயவைத்து, சாயம் போடுவதானால் சாயத் தண்ணீரில் அவித்து, மறுபடி நிழலில் உலர்த்தி, தட்டையாக்கிப் பிறகுதான் இழைப்பார்கள். ஒரு நல்ல பாய்க்குப் பல நாள் செல்லும். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கத்து முஸ்லிம் பெண்கள் வீட்டு வேலையின் இடைநேரத்தில் இதைச் செய்தார்கள். தமிழ்ப் பெண்களின் கை பனையோலைக்கு: பெட்டி, சுளகு, கடகம். பிரம்பு வேலைக்கு வேறு ஊர்கள். கைத்தறிக்குக் காத்தான்குடியும் ஆரையம்பதியும், தெற்கே மருதமுனையும். இப்படி ஒருவர் கையில் இல்லாதது இன்னொருவர் கையில் இருந்ததால் ஒரு வீட்டுச் சாமான்களைப் பார்த்தே அந்த வீட்டின் உறவுகளைச் சொல்லிவிடலாம். தாய்வழிக் குடிமுறை எமது. வீடு மகளுக்குப் போகும். அந்த வீட்டுக்கான பாயையும் இலவம்பஞ்சுத் தலையணையையும் தாய்மார் வருடக்கணக்காகச் சேர்த்தார்கள். ஒரு சைவ வீட்டு மணப்பெண்ணின் பாய் முஸ்லிம் உம்மா ஒருவரின் கைவேலையாக இருப்பதில் அன்று யாருக்கும் அதிசயம் தோன்றியதில்லை.

பாடசாலைத் தையல் வேறு வழியாக வந்தது. அதன் சொற்களைக் கேட்டாலே வழி தெரியும். ரேந்தை, லேஞ்சி, பொத்தான், துவாய், சப்பாத்து எல்லாம் போர்த்துக்கேயம். போர்த்துக்கேயர் இங்கே 1628இல் கோட்டை கட்டி, பத்தே வருடத்தில் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். கோட்டை போனாலும் அவர்கள் சொற்கள் எங்கள் தையற்பெட்டிக்குள் தங்கிவிட்டன. போர்த்துக்கேயக் கிரியோல் பேசிய பறங்கியர் குடும்பங்கள் தச்சுவேலையிலும் கொல்லவேலையிலும் சப்பாத்து வேலையிலும் தையலிலும் பெயரெடுத்தன.

1814இல் மெதடிஸ்த மிசனரிமார் இலங்கை வந்தார்கள். அவர்களில் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து, ஒரு வருடத்துக்குள் இங்கேயே மறைந்தார். பெண்பிள்ளைகளின் படிப்பு மெல்ல வளர்ந்தது. யாழ்ப்பாணத்தில் 1824இல் உடுவிலில் தொடங்கியதைப் போலவே இங்கும் வாசிப்பு, எழுத்து, கணக்குக்குப் பக்கத்தில் ஊசியும் நூலும் இருந்தன. பெண்பிள்ளை ஏன் படிக்கவேண்டும் என்று கேட்ட தகப்பன்மாருக்கு, மகள் தைத்த சட்டையைப் போல வேறு விடை கிடையாது. இங்கிலாந்தில் 1858இல் வெஸ்லியன் சபைப் பெண்கள் கீழைநாட்டுப் பெண்கல்விக்கென ஒரு குழுவை அமைத்தார்கள். சபைப் பெண்கள் தையற் கூட்டங்களில் செய்த உடுப்பு, பொம்மை, ஊசிப்பைகளைப் பெட்டிகளில் அடைத்து மிசன் பாடசாலைகளுக்கு அனுப்புவது அக்காலத்து வழக்கம். பரிசளிப்பு விழாவில் அவை பரிசாகும், விற்பனைச் சாலையில் விலையாகும்.

பெட்டி ஒரு பக்கம் மட்டும் போகவில்லை என்பதை நாகர்கோவில் காட்டுகிறது. 1820களில் மார்த்தா மோல்ட் அம்மையார் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அந்த லேஸ் கடல்கடந்து விலைபோனது. அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்பிள்ளைகள் சிலர் அந்தக் காசைக் கொண்டே விடுதலை பெற்றார்கள். எங்கள் பழைய ரீச்சர்மார் தையற் பாடத்தை ஏன் அவ்வளவு கண்டிப்பாக நடத்தினார்கள் என்பது இதைப் படித்த பின்தான் எமக்கு ஓரளவு விளங்கியது. நூலிழை கோணினால் அவிழ்த்துத் திரும்பப் போடச் சொல்வார்கள். அழுதாலும் விடமாட்டார்கள்.

எம் காலத்து வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. யார் தொடங்கியதென்று கேட்டால் ஒவ்வொரு அணியும் தங்களைத்தான் சொல்லும். வருட முடிவில் பெயர்ச் சீட்டுக் குலுக்கி, தன் கைக்கு வந்த பெயருக்குரியவளுக்கு ஒரு லேஞ்சி தைத்துக் கொடுக்கவேண்டும். கடையில் வாங்கியது கூடாது. பெயரை முன்கூட்டிச் சொல்லவும் கூடாது. பிடிக்காதவள் பெயர் வந்தாலும் மாற்ற முடியாது, அவளுக்குத்தான் தைக்கவேண்டும். இதுதான் அந்த வழக்கத்தின் உயிர். மூன்று கிழமை ஒருத்தியின் பெயரின் முதலெழுத்தைத் துணியில் தைத்துக்கொண்டிருந்தால் அவள் மேலுள்ள கோபம் என்னாகும் என்று நினைத்துப் பாருங்கள். எங்களில் இருவர் ஐம்பது வருடத்துக்கு மேலாகத் தொடரும் சிநேகிதத்துக்கு அப்படிக் கோணலாய்த் தைத்த ஓர் எழுத்தைத்தான் காரணம் சொல்கிறார்கள்.

எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. துணிக்குத் தட்டுப்பாடு, நூலுக்குத் தட்டுப்பாடு. மாப் பையைத் துவைத்து, எழுத்துப் போகும்வரை வெளுத்து, அதில் பூவேலை செய்தோம். ஒருத்தியின் நீல நூலுக்கு இன்னொருத்தியின் மஞ்சள் நூல். கைமாற்று என்றால் வட்டியில்லாக் கடன் என்று அகராதி சொல்லும். எங்கள் வகுப்பில் அதன் அளவு முழங்கை நீளம். உள்ளூர்க் கைத்தறிகளுக்கு அது நல்ல காலமாக இருந்தது. 1972 கல்விச் சீர்திருத்தம் தொழின்முன்னிலைப் பாடத்தைக் கொண்டுவந்தது. அந்தந்த ஊர்த் தொழிலைப் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். பெற்றோர் பலர் முகம் சுளித்தார்கள். பாய் இழைக்கவா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினோம் என்று கேட்டார்கள். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத ஓர் உம்மா எங்கள் முன் சம்மணமிட்டு இருந்து பன் எடுத்துப் போட்ட வேகத்தைக் கண்டபோது, ஆசிரியை என்ற சொல்லின் பொருள் எங்களுக்குச் சற்று அகலமாயிற்று. 1977இல் ஆட்சி மாறியது, பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது, அந்தப் பாடமும் போனது. மலிவுத் துணி வந்து தறிகளின் சத்தத்தைக் குறைத்தது. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி கூரைகளையும் தென்னைகளையும் கொண்டுபோனபோது, விழுந்த தென்னைகளின் ஓலையை எடுத்து வாரக்கணக்காகக் கிடுகு பின்னியவர்களுக்குத் தெரியும், கைவேலை பொழுதுபோக்கா இல்லையா என்று.

இனி வரும் பகுதியை எழுதாமல் விடலாமா என்று எமக்குள் வாதம் நடந்தது. கொண்டாட்ட மலரில் ஏன் என்றார்கள் சிலர். விட்டால் மற்றதெல்லாம் பாதிதான் என்று முடிவாயிற்று.

முதலில் தூரத்துக் கதை ஒன்று. 1927இல் அமெரிக்கப் பிள்ளைகள் யப்பான் பிள்ளைகளுக்குச் சிநேகத்தின் அடையாளமாக 12,739 பொம்மைகளை அனுப்பினார்கள். பொம்மைகள் கடையில் வாங்கியவைதான். அவற்றின் உடுப்புகளில் பலவற்றைப் பெண்களும் சிறுமியரும் கையால் தைத்திருந்தார்கள். யப்பான் அதே வருடம் கைவினைஞர் செய்த 58 பெரிய பொம்மைகளைத் திருப்பி அனுப்பியது. பிறகு யுத்தம் வந்தது. எதிரியின் பொம்மை என்று அவற்றை எரிக்கவும் உடைக்கவும் சொன்னார்கள். சில பாடசாலைகளில் ஆசிரியர்கள் அவற்றை ஒளித்துவைத்தார்கள். சுமார் முந்நூறு தப்பின.

எங்களுக்கு அது 1990. ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியது. ஒகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 11, 12ஆம் திகதிகளில் ஏறாவூர். செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமிருந்தவர்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் திரும்பவேயில்லை. 9ஆம் திகதி சத்துருக்கொண்டான். ஒவ்வோர் ஊரிலும் எங்கள் வகுப்புத் தோழியரின் வீடுகள் இருந்தன. கொன்றவர்கள் யார், கொல்லப்பட்டவர்கள் யார் என்பது ஊருக்கு ஊர் வேறு. அதன் பின் தோணியில் பாய் போகவில்லை. சந்தையில் விலை பேசிக் காசைக் கொடுத்து, முகம் பாராமல் வாங்கிப் போனார்கள். உம்மாவின் பாயில் படுத்த ஒரு வீட்டில் அதைச் சுருட்டிக் கொட்டிலில் போட்டதையும், இன்னொரு வீட்டில் அதே போன்ற பாயை யார் கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்ததையும் அறிவோம். இரண்டும் தமிழ் வீடுகள். முஸ்லிம் தோழி ஒருவர் தன் அலுமாரியிலிருந்த லேஞ்சியைப் பற்றி எமக்கு எழுதியபோது, அதில் தைத்திருந்த பெயரை மட்டும் எழுதி, வேறொன்றும் எழுதவில்லை.

தையல் திரும்ப வந்தது பெண்கள் கூடிய இடங்களில். 1993இல் சூரியா பெண்கள் நிலையம் மட்டக்களப்பில் இயங்கத் தொடங்கியது. 1996இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பட்டு, தமிழ், முஸ்லிம் ஊர்களின் பிள்ளைகள் ஒரே மரநிழலில் இருந்து களிமண்ணிலும் கழிவுப் பொருட்களிலும் உருவங்கள் செய்தார்கள். பெரியவர்கள் பேசப் பயந்த காலத்தில் பிள்ளைகளின் கை ஒரே மண்ணைப் பிசைந்தது. இதனால் எல்லாம் சரியாயிற்று என்று நாம் எழுதமாட்டோம்.

2004 டிசம்பர் 26 காலை கல்லடி, நாவலடி, டச்பார், திருச்செந்தூர் அழிந்தன. டச்பாரில் பறங்கியர் குடும்பங்கள் பல போயின. அவர்களோடு அவர்கள் பாட்டும் பின்னலும் எவ்வளவு போயிற்று என்று கணக்கெடுக்க எவராலும் முடியாது. அன்று மாலைக்குள் சோற்றுப் பார்சல் கொண்டுவந்தவர்கள் பக்கத்து ஊரார், இன்னார் இனியார் என்று பாராமல். வாரங்கள் சென்று உலகம் அனுப்பிய மூட்டைகள் வந்தன. நல்ல மனத்தோடு அனுப்பியவைதான். ஆனால் மட்டக்களப்பு வெயிலில் கம்பளிச் சட்டையை வைத்து நாம் என்ன செய்வது? கொடுப்பவருக்கு வாங்குபவரைத் தெரியாவிட்டால் அப்படித்தான் முடியும். சீட்டில் பெயர் எடுத்துத் தைத்த எங்களுக்கு இந்த வித்தியாசம் சொல்லாமலே விளங்கியது. அகதி முகாமில் மூன்று முழத் துணியையும் ஊசியையும் கேட்டு வாங்கி, பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைக்குச் சட்டை தைத்துக் கொடுத்த பழைய மாணவி ஒருவர் இருந்தார். தன் பெயர் வேண்டாம் என்றார்.

இப்போது பன் வெட்டிய இடங்கள் பல மண் நிரப்பிக் காணியாகிவிட்டன. பிளாஸ்ரிக் பாய் நூறு நிறத்தில் வருகிறது, கழுவலாம், மலிவு. பாய் இழைத்தால் கிடைக்கும் கூலி நாட்கூலிக்கும் கிட்டாது என்பதால் பேத்திமார் பழகவில்லை. அவர்களைக் குறை சொல்ல எமக்கு மனமில்லை, எங்கள் பேத்திமாரும் பழகவில்லையே. ரொறன்ரோ, லண்டன், மெல்பேர்ணில் உள்ள எம் தோழியரில் சிலர் அங்கே குளிர்காலத்தில் கம்பளி பின்னப் பழகி ஊருக்கு அனுப்புகிறார்கள். எங்களிடமிருந்து பனையோலைப் பெட்டி போகிறது. கம்பளியை இங்கே யாரும் போடமாட்டார்கள் என்று அவர்களுக்கும் தெரியும். மடித்து அலுமாரியில் வைத்திருக்கிறோம்.

நூற்றாண்டுக் காட்சிக்குக் கைவேலைகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். எங்கே இருந்தாலும் அனுப்புங்கள். பழுதானதாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: பொருளோடு ஒரு துண்டில் யார் செய்தார், யாருக்காகச் செய்தார் என்று இரண்டு பெயர்களையும் எழுதி ஊசியால் குத்தி வையுங்கள். ஒரு பெயர்தான் தெரியுமென்றால் மற்ற இடத்தை வெறுமையாக விடுங்கள். காட்சி நாளில் யாராவது வந்து பார்த்து நிரப்பக்கூடும்.