ஹம்ஸ்டர் குடிபுகுந்த வரலாறு

சிறுவர் செல்லமாக வளர்க்கும் ஹம்ஸ்டர் என்னும் சிற்றெலிக்கு எத்தகைய கூடு ஏற்றது என்பது அற்ப வினாவாகத் தோன்றலாம். ஆயினும் அவ்வினத்தின் வளர்ப்பு வரலாறு முழுவதும் ஒருகால் அவ்வொரு வினாவிலேயே தொங்கிநின்றது.

பொன்னிற ஹம்ஸ்டரை 1839ஆம் ஆண்டில் அறிவுலகுக்கு அறிமுகஞ் செய்தவர் ஜோர்ஜ் வாட்டர்ஹவுஸ் என்னும் ஆங்கிலேயர். பின்னர், யெரூசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்துச் சோல் அட்லர் கருங்காய்ச்சலை ஆராய்தற்கேற்ற சிறு பிராணியை நாடினார். சீனத்து ஹம்ஸ்டர் கூட்டில் இனம் பெருக்க மறுத்தது. ஆகவே 1930இல் விலங்கியலாளர் அகரோனி சிரியாவுக்குச் சென்று, அலெப்போ நகருக்கருகே கோதுமை வயலொன்றை அகழ்வித்து, ஆழ்ந்த வளையிலிருந்து ஒரு தாயையும் குட்டிகளையும் எடுத்தார். வெருண்ட தாய் குட்டியொன்றைக் கடித்துக் கொன்றுவிட்டது.

எஞ்சிய குட்டிகள் பல்கலைக்கழகத்தில் பென்மெனகெம் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர் அவற்றை இட்ட கூட்டுக்கு அடித்தளம் மரம். மறுநாட் காலையில் ஐந்தைக் காணவில்லை. மரத்தைக் கொறித்துத் துளையிட்டு ஓடிவிட்டன. எஞ்சியவற்றுள்ளும் ஒரு பெண்ணை ஆண் கொன்றது. விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே மிஞ்சின.

அப்போதுதான் பென்மெனகெம் கூட்டை மாற்றினார். பெரிய கம்பிவலைக் கூடொன்றில் வைக்கோலை இறுக அடைத்துப் பெண்ணை முதலில் விட்டார். அது தானே சுரங்கம் தோண்டிக் குடியமர்ந்தது. பின்னரே ஆணை விட்டார். குட்டிகள் பிறந்தன. 1931இல் அவற்றின் வழிவந்தவை இங்கிலாந்துக்குச் சென்றன. இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் பொன்னிற ஹம்ஸ்டர்கள் ஏறக்குறைய யாவும் அக்குடும்பத்தின் சந்ததியே.

2006இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர் வெளியிட்ட முடிவும் இதற்கு இயைந்ததே. தரையிட்ட படுக்கை 80 சென்ரிமீற்றர் ஆழமாயிருந்த கூடுகளில், கம்பியைக் கொறிக்கும் பழக்கம் காணப்படவில்லை. கடைகளில் விற்கும் வண்ணக் கூடுகளோ ஒரு சாண் ஆழத்துக்கும் இடந்தருவதில்லை. கண்ணுக்கு அழகு, எலிக்குச் சிறை.

பசறைப் பக்கத் தோட்டங்களில், விளிம்பில் தகரம் அடித்த பழைய தேயிலைப் பெட்டி முயலுக்கும் கோழிக்குஞ்சுக்கும் வீடாவதுண்டு. ஹம்ஸ்டருக்கு அது ஆகாது. யெரூசலேமின் மரத்தளத்துக்கு நேர்ந்ததே பலகைக்கும் நேரும். ஆழமான கண்ணாடித் தொட்டியும் மேலே கம்பிவலை மூடியும் தகும். இரண்டை ஒன்றாக விடலாகாது. சிரிய வயல்களில் வளர்ந்த ஹம்ஸ்டர் ஒரு வளையில் ஒன்றாகவே வாழ்கின்றது. அது வறண்ட நிலத்துப் பிராணி. நம் மலைச்சாரலில் வாடைக்கால மழை இறங்கும்போது லயக்காம்பராவின் சுவரும் தரையும் கசியும். தொட்டியை உயர்ந்த பலகைமேல் வைத்து, நனைந்த வைக்கோலை உடனுக்குடன் அகற்றுதல் வேண்டும்.