ரூர்க்கி நாற்காலியும் பாலாற்றுத் தோலும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவில் வளர்ந்த நவீனத்துவ வடிவமைப்பு, அதாவது வேண்டாத அலங்காரத்தை நீக்கிப் பயனையும் கட்டமைப்பையுமே அழகாகக் கொண்ட நெறி, சாய்வு நாற்காலியின் கனத்த மெத்தையை அகற்றிவிட்டு, சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோலையோ துணியையோ இருக்கையாக்கியது. இம்மாற்றத்தின் வேர்களில் ஒன்று இந்திய மண்ணில் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் பொறியாளர் பிரிவு நிலைகொண்டிருந்த ரூர்க்கி நகரின் பெயரைத் தாங்கிய கூடார நாற்காலியே அது. ஆணியும் பசையும் இல்லாமல், கடைந்த கால்களின் துளைகளில் குறுக்குக் கட்டைகளைச் செருகி, கித்தானையோ தோலையோ வாரிட்டு இறுக்கினால் நாற்காலி உருப்பெறும். அமர்பவரின் எடையே மூட்டுகளை மேலும் இறுக்க, அவை சற்று நெகிழ்ந்து கொடுப்பதால் மேடுபள்ளமான தரையிலும் நான்கு கால்களும் ஊன்றி நிற்கும். முதுகுப்பட்டை ஓர் அச்சில் சுழன்று, சாய்பவரின் உடலுக்கு இசையும்.

லெ கொர்புசியே, பியர் ஜான்னெரே, ஷார்லோத் பெரியாந்த் ஆகிய மூவரும் 1928இல் உருவாக்கிய அசையும் முதுகுடைய நாற்காலி, இதே அமைப்பை எஃகுக் குழாய்க்கு மாற்றியது. டென்மார்க்கின் கோரே கிளின்ட் 1933இல் மரத்திலேயே செய்த சஃபாரி நாற்காலி ரூர்க்கி வடிவத்துக்கு இன்னும் நெருக்கமானது. படைத்தேவைக்காகப் பிறந்த ஒரு வடிவம், இவ்வாறு நவீன வரவேற்பறையின் அடையாளமாயிற்று.

இவ்வகை இருக்கைக்கு எளிதில் தொய்யாத, உறுதியான தோல் வேண்டும். அத்தகைய தன்மையைத் தருவது தாவரப் பதனீடு, அதாவது மரப்பட்டையிலும் காயிலும் உள்ள துவர்ப்புப் பொருளால் தோலை அழுகாமல் நிலைநிறுத்தும் முறை. தமிழ்நாட்டில் பாலாற்றுப் படுகையில், வேலூரைச் சுற்றி மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என விரியும் தோல் தொழில் வட்டாரம் இக்கலையில் தேர்ந்தது. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் பல நாள் ஊறவைத்து, கடுக்காயால் நிறம் தெளிவித்து, எண்ணெயிட்டு உலர்த்தினர். 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் அது லண்டன் சந்தைக்குச் சென்றது. முதல் உலகப்போரில் படையினரின் காலணிகளுக்கும் பயன்பட்டது.

ஆயினும் அது பெரும்பாலும் அரைப்பதனீட்டு நிலையிலேயே கப்பலேறியதால், இறுதி மெருகும் வடிவமும் அவற்றால் வரும் இலாபமும் பிற நாடுகளுக்கே சேர்ந்தன. 1970களில் மத்திய அரசு அரைப்பதனீட்டுத் தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய பின்னரே முழுமையாக்கிய தோலும் காலணியும் இவ்வட்டாரத்தின் முதன்மைப் பொருள்களாயின. விரைவாக முடியும் குரோமியப் பதனீடு இதற்கிடையே பெருகியதால், ஆலைக் கழிவுநீரால் பாலாறும் விளைநிலமும் கெட்டன. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துவோரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது.

இந்தியாவில் பிறந்த நாற்காலி வடிவம் அயலார் பெயர்களால் புகழ்பெற்றதும், பாலாற்றுத் தோல் பெயரற்ற மூலப்பொருளாய்ப் போனதும் ஒரே குறையின் இரு முகங்கள்: கைத்திறன் இங்கே இருந்தது, வடிவமைப்பின் உரிமை இங்கே நிலைக்கவில்லை. சென்னையில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் இவ்வட்டாரத்துத் தொழில்முனைவோரும் கைகோத்து, நீரைக் கெடுக்காத பதனீட்டில், தம் பெயர் தாங்கிய இருக்கை ஒன்றை உருவாக்குவதே அக்குறையைத் தீர்க்கும் வழி.