கழற்றும் கைப்பிடியும் அதன் எடையும்

கையில் பிடித்து விளையாடும் கணினி வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது திரையை. அடுத்து உள்ளே இருக்கும் சிப்பை. எடையை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. அரை மணி நேரம் விளையாடிய பிறகு மணிக்கட்டு அதை ஞாபகப்படுத்தும்!

லெனோவோ நிறுவனம் 2023 இறுதியில் 'லீஜியன் கோ' என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நடுவில் 8.8 அங்குலத் திரை. இரண்டு பக்கமும் ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் கொண்ட கைப்பிடிகள். வேண்டும்போது இரண்டையும் தனியாகக் கழற்றிக்கொள்ளலாம். மொத்த எடை 854 கிராம், கழற்றினால் 640 கிராம். ஆக, கைப்பிடிகள் மட்டும் சுமார் 214 கிராம். இந்தக் கழற்றும் வசதிக்காக என்னென்ன விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது என்று பார்த்தால் ஒரு நீண்ட கதை வருகிறது.

கைப்பிடியைப் பெட்டியின் பக்கவாட்டில் செருகி வைக்கும் யோசனை புதிதல்ல. 1983-ல் ஜப்பானில் வெளிவந்த நின்டென்டோவின் ஃபேமிகாமிலேயே அது உண்டு. இரண்டு கைப்பிடிகளும் ஒயரால் பெட்டியோடு இணைந்திருக்கும், விளையாடி முடித்ததும் இரு பக்கத்திலும் உள்ள இடத்தில் வைத்துவிடலாம். அடுத்த ஆண்டே அதே நிறுவனம் 'கேம் அண்ட் வாட்ச்' வரிசையில் சில சிறிய கருவிகளில் இரண்டு குட்டிக் கைப்பிடிகளை ஒயரோடு வெளியே எடுத்து இருவர் விளையாடும்படி செய்தது. ஆனால் 1989-ல் கேம் பாய் வந்தபோது எல்லாம் ஒரே துண்டு. அதன் பிறகு நெடுங்காலம் கையடக்கக் கருவி என்றாலே ஒரே துண்டு என்றுதான் அர்த்தம்.

கணினிப் பக்கம் இதைப் பெரிய அளவில் முயன்றது ரேசர். 2012 ஜனவரியில் 'ப்ராஜெக்ட் ஃபியோனா' என்ற பெயரில் ஒரு மாதிரியைக் காட்டினார்கள். விண்டோஸ் டேப்லெட், அதன் இரு பக்கமும் நிமிர்ந்து நிற்கும் இரண்டு கைப்பிடிகள். 2013-ல் அது 'ரேசர் எட்ஜ்' என்று கடைக்கு வந்தபோது கைப்பிடிகள் தனிப்பொருளாகிவிட்டன. டேப்லெட் 999 டாலர் முதல், கைப்பிடிக்கு மேலும் 249 டாலர். டேப்லெட் மட்டுமே ஏறக்குறைய ஒரு கிலோ! அதைக் கைப்பிடிச் சட்டத்துக்குள் செருகித் தூக்கினால் கை என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சந்தையில் அது நிலைக்கவில்லை. யோசனையில் தவறில்லை, அந்தக் காலத்து சிப்புகள் தின்ற மின்சாரமும் கக்கிய சூடும்தான் காரணம்.

கழற்றும் கைப்பிடியை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தது 2017 மார்ச்சில் வந்த நின்டென்டோ ஸ்விட்ச். அதன் 'ஜாய்-கான்' கைப்பிடிகள் காடியில் சறுக்கி உள்ளே போய் 'கிளிக்' என்று உட்காரும். மொத்த எடை 398 கிராம், கைப்பிடி இல்லாமல் 297. நின்டென்டோவால் இது எப்படி முடிந்தது? மொபைல் வகை சிப், 6.2 அங்குலத் திரை, அந்த வன்பொருளுக்கென்றே எழுதப்பட்ட விளையாட்டுகள். நடுவில் தொங்கும் துண்டு லேசாக இருந்ததால் காடிக்குப் பெரிய பாரம் இல்லை.

கணினிக்கு அந்த வசதி கிடையாது. கணினி விளையாட்டுகள் பெரிய கோபுரப் பெட்டிகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை ஓட்டும் சிப் 15 வாட் முதல் 30 வாட் வரை கேட்கும். அதற்கு விசிறி வேண்டும், செம்புக் குழாய் வேண்டும், பெரிய பேட்டரி வேண்டும். விண்டோஸின் பொடி எழுத்துகளைப் படிக்கத் திரையும் பெரிதாக வேண்டும். இத்தனையும் நடுத்துண்டில் சேர்ந்த பிறகு, அதை இரண்டு பக்கமும் கழன்று வரக்கூடிய பிடிகளால் தூக்க வேண்டும். இதனால்தானோ என்னவோ, 2016-ல் ஜிபிடி நிறுவனம் வெளியிட்ட 'வின்' முதல் 2022 பிப்ரவரியில் வால்வ் அனுப்பத் தொடங்கிய 'ஸ்டீம் டெக்' வரை பேர்பெற்ற கருவிகள் பலவும் கழற்றாத வகையாகவே இருந்தன. டெல் நிறுவனம் 2020 ஜனவரியில் ஏலியன்வேர் பெயரில் கழற்றும் கைப்பிடியோடு ஒரு மாதிரியைக் காட்டியது. அது கடைக்கு வரவே இல்லை.

எடை எங்கிருந்து வருகிறது? ஒரே துண்டு என்றால் ஒரு கூடு போதும். மூன்று துண்டு என்றால் மூன்று கூடு. இணையும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு சுவர், ஒரு காடி, ஒரு பூட்டு, மின்தொடுப்பு ஊசிகள். தனியாக வேலை செய்ய ஒவ்வொரு கைப்பிடிக்கும் வயர்லெஸ் சிப், சார்ஜ் ஏற்றும் சுற்று, தனி பேட்டரி. லீஜியன் கோவின் ஒவ்வொரு கைப்பிடியிலும் 900 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கிறது. அது கைப்பிடிக்கு மட்டும்தான். நடுத்துண்டின் பேட்டரியோ 49.2 வாட்-மணி. சிப்பை 30 வாட்டில் ஓடவிட்டு, திரை, விசிறி எல்லாம் சேர்த்து 40 வாட் என்று வைத்துக்கொண்டால் ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

இதன் பக்கத்தில் 2024-ல் வந்த ஏசஸ் 'ஆர்.ஓ.ஜி. அலை எக்ஸ்' கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். கழற்ற முடியாத ஒரே துண்டு. எடை 678 கிராம், பேட்டரி 80 வாட்-மணி. அதாவது 176 கிராம் குறைவு, பேட்டரியோ ஒன்றரை மடங்குக்கும் மேல்! (திரை 7 அங்குலம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எடை வித்தியாசம் முழுவதையும் கைப்பிடியின் தலையில் கட்டுவது நியாயம் ஆகாது.) நின்டென்டோவே 2019-ல் கழற்ற முடியாத 'ஸ்விட்ச் லைட்' வெளியிட்டபோது, திரையும் சிறிதாகி, எடை 275 கிராமுக்கு இறங்கியது.

அப்படியானால் லெனோவோ ஏன் இந்த வழியைப் பிடித்தது? ஒரு காரணம் மவுஸ். குறிபார்த்துச் சுடும் விளையாட்டுகளும் படைகளை நகர்த்தும் வியூக விளையாட்டுகளும் மவுசுக்காக உருவானவை. வால்வ் இதற்குக் கண்ட தீர்வு, ஸ்டீம் டெக்கின் முகப்பில் இரண்டு டச்பேட். லெனோவோவின் தீர்வு இன்னும் விசித்திரமானது. வலது கைப்பிடியைக் கழற்றி, காந்தமுள்ள ஒரு வட்டத் தட்டில் நிமிர்த்தி வைத்தால் அதுவே மவுஸ் ஆகிவிடும். அடியில் ஒளி உணரி, பின்னால் சுழல் சக்கரம். பழகச் சற்று நாளாகும், ஆனாலும் புத்திசாலித்தனமான வேலை.

இன்னொரு காரணம் உடம்பு. ஒரே துண்டுக் கருவியில் கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் திரையும் இருக்கும். கையைத் தாழ்த்தினால் கழுத்து குனியும், கழுத்தை நிமிர்த்தினால் கை அந்தரத்தில் நிற்கும். கழற்றும் கருவியில் முதுகுத்தாங்கியை விரித்துத் திரையை மேஜைமேல் நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொள்ளலாம். தோள்வலி உள்ளவருக்கும், இரண்டு கையையும் சேர்த்துப் பிடிக்க முடியாதவருக்கும், கட்டிலில் படுத்தே நாளைக் கழிக்க வேண்டியவருக்கும் இது சொகுசு அல்ல. விளையாட முடியுமா முடியாதா என்பதே இதில்தான் இருக்கிறது. தராசில் 854 கிராம் காட்டும் கருவி அவர்கள் கைக்கு நூறு கிராம் சொச்சம்தான். சாதகபாதகம் பேசும்போது இந்தக் கணக்கு பெரும்பாலும் விட்டுப்போகிறது.

பழுது விஷயத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. ஜாய்-கான்களில் ஜாய்ஸ்டிக்கைத் தொடாமலேயே பாத்திரம் தானாக நகரும் கோளாறு பரவலாகத் தலைகாட்டியது. 2019-ல் அமெரிக்காவில் வழக்கே வந்தது. 2020-ல் நின்டென்டோவின் தலைவர் ஃபுருகாவா மன்னிப்புக் கேட்டார். ஸ்விட்ச் வைத்திருந்தவர் கைப்பிடியை மட்டும் பழுதுபார்க்க அனுப்பிவிட்டு வேறொன்றைச் செருகி விளையாடலாம். எடை குறைவு என்று ஸ்விட்ச் லைட் வாங்கியவரோ அதே கோளாறுக்கு முழுக் கருவியையும் அனுப்ப வேண்டியிருந்தது. லீஜியன் கோவில் லெனோவோ ஹால் வகை ஜாய்ஸ்டிக்கைப் போட்டது. அதில் காந்தப்புலம்தான் நிலையை அளக்கிறது, உரசித் தேயும் தடம் இல்லை.

2025 ஜனவரியில் லெனோவோ 'லீஜியன் கோ எஸ்' என்ற தம்பியை அறிவித்தது. கைப்பிடி கழலாது, 8 அங்குலத் திரை, 740 கிராம், 55.5 வாட்-மணி. கழற்றும் யோசனையை லெனோவோ கைகழுவிவிட்டது என்று அப்போது நினைத்தவர்கள் இருக்கக்கூடும். அதே ஆண்டு செப்டம்பரில் 'லீஜியன் கோ 2' அறிவிக்கப்பட்டது. கழற்றும் கைப்பிடி அப்படியே இருந்தது, மவுஸ் தட்டும் இருந்தது. பேட்டரியை 74 வாட்-மணி ஆக்கியிருந்தார்கள். எடை 920 கிராம், பழையதைவிட 66 கிராம் கூடுதல்.